படிக்கிற பிள்ளையா, வேலை செய்யிற ஆளா? தாதியப் பயிலுநர்களின் 160 வருட வழக்கு

வைத்தியசாலையில் பயிற்சி பெறும் ஒரு பெண்ணைச் சட்டம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறது? மாணவி என்றா, ஊழியர் என்றா? முதல் பார்வைக்கு இது வெறும் சொல்லுப் பிரச்சினை மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒருத்தியின் மூன்று வருட வாழ்க்கை இந்தச் சொல்லில தங்கியிருக்குது. மாணவி எண்டால் பல இடங்களில் சம்பளம் இல்லை, ஓய்வூதியக் கணக்கு இல்லை, மேலதிக நேரத்துக்குக் காசு இல்லை, சங்கமாகச் சேர்ந்து பேரம் பேச இடமில்லை. ஊழியர் எண்டால் இதெல்லாம் கிடைக்கலாம். ஆனால் அப்ப "எனக்கு இதைப் பழக்குங்கோ, வகுப்புக்கு விடுங்கோ" எண்டு கேட்டால், "ஆள் குறைவு, வாட்டைப் பார்" எண்ட பதில்தான் வரும்.

இதை ஏன் இப்ப எழுதுகிறோம்? உயர்தரம் முடித்த எங்கட நண்பர்கள் பலர் இன்றைக்கு ஜேர்மன் மொழி வகுப்புகளுக்குப் போகினம். முகநூலைத் திறந்தால் "அவுஸ்பில்டுங்" விளம்பரம். படிச்சுக்கொண்டே உழைக்கலாம், தாதியப் படிப்புக்குச் சம்பளமும் உண்டு எண்டு சொல்லுகினம். அது பொய் இல்லை. ஆனால் "படிச்சுக்கொண்டே உழைக்கிற" அந்த நிலை வானத்திலிருந்து விழுந்ததில்லை. அதுக்குப் பின்னால் ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டு இழுபறி இருக்குது. அந்தக் கதையைத் தெரிஞ்சுகொண்டு கையெழுத்து வைக்கிறது நல்லது எண்டு நினைக்கிறோம்.

கடவுளுக்கான சேவை

கதை தொடங்குவதும் ஜேர்மனியில்தான். 1836இல் ரைன் நதிக்கரையில் உள்ள கைசர்ஸ்வேர்த் என்ற சிற்றூரில், தியோடோர் பிளீட்னர் என்ற போதகரும் அவருடைய மனைவி பிரெடெரிக்காவும் ஒரு இல்லத்தைத் தொடங்கினார்கள். மணமாகாத பெண்கள் அங்கே சேர்ந்து நோயாளரைப் பராமரிக்கப் பழகினார்கள். சம்பளம் கிடையாது. உடை, உணவு, தங்குமிடம், கைச்செலவுக்குக் கொஞ்சக் காசு, முதுமையில் பராமரிப்பு. இவ்வளவும் "தாய் இல்லம்" பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண்கள் மாணவியரும் இல்லை, ஊழியரும் இல்லை. அவர்கள் செய்தது கடவுளுக்கான சேவை. சேவைக்கு யாரும் விலை பேசுவதில்லை என்பது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

அந்த இல்லத்தை 1850இல் வந்து பார்த்து, அடுத்த வருடம் சில மாதங்கள் தங்கிப் பழகியவர்களில் ஒருவர் புளோரன்ஸ் நைற்றிங்கேல். பிறகு கிரிமியப் போர் வந்தது. நைற்றிங்கேலின் பெயர் வீடு வீடாகப் போனது. பொதுமக்கள் சேர்த்துக் கொடுத்த நிதி 44,000 பவுணைத் தாண்டியது. அந்தப் பணத்தில் 1860இல் லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஒரு பயிற்சிப் பாடசாலை திறந்தது. முதல் அணியில் 15 பேர். பயிற்சிக் காலம் ஒரு வருடம். தங்குமிடம், சாப்பாடு, சீருடை, அதோடு வருடத்துக்கு 10 பவுண். அந்த 10 பவுணை வைத்தியசாலை கொடுக்கவில்லை, நிதியம்தான் கொடுத்தது. அதாவது வைத்தியசாலைக்கு வேலைக்கு ஆள் கிடைத்தது, கூலி வேறொருவர் கையிலிருந்து போனது. பயிற்சி முடிந்ததும் பெண்கள் விட்டுப் போகவும் ஏலாது. நிதியம் காட்டுகிற வைத்தியசாலையில் இன்னும் சில வருடங்கள் வேலை செய்ய வேண்டும். இன்றைக்கு நாங்கள் "பொன்ட்" எண்டு சொல்லுகிற பிணை அப்பவே இருந்திருக்குது.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதுக்கு முன் வைத்தியசாலையில் நோயாளியைப் பார்க்கிறது மதிப்பில்லாத வேலையாக இருந்தது. படித்த பெண்ணொருத்தி மரியாதையோடு செய்யக்கூடிய தொழிலாக அதை மாற்றியதில் இந்தப் பாடசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் உள்ளே நடந்தது வேறு மாதிரி. தலைமைத் தாதி வார்ட்றோப்பர் ஒவ்வொருத்தியின் ஒழுக்கத்தையும் நேரந்தவறாமையையும் அமைதியையும் மாதாமாதம் பதிந்தார். பாடங்களோ வாட் வேலையின் இடையில் கிடைக்கிற நேரத்தில்தான். பாடசாலையின் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்த வரலாற்றாசிரியர் மோனிக்கா பேலி, பயிலுநர்கள் பெரும்பாலும் மலிவான கூடுதல் கைகளாகவே பயன்பட்டார்கள் என்று காட்டினார்.

பாடசாலை திறந்தால் லாபம்

சென் தோமஸ் மாதிரி கடல் தாண்டிப் போனது. அமெரிக்காவில் 1873இல் நியூயோர்க், நியூ ஹேவன், பொஸ்ரன் ஆகிய மூன்று நகரங்களில் இந்த வகைப் பாடசாலைகள் திறந்தன. 1900 அளவில் அவை 400க்கு மேல். 1920களின் நடுவில் 2,000க்கு மேல். இப்படி ஒரு வளர்ச்சியைப் பார்த்தால், அமெரிக்கருக்குப் பெண் கல்வியில் திடீரெண்டு அவ்வளவு ஆசை வந்திட்டுதோ எண்டு தோன்றும்.

விசயம் அதில்லை. ஒரு வைத்தியசாலை தாதியர் பாடசாலை திறந்தால் அதுக்கு ஒரு முழு வேலைப்படையே கிடைத்தது. அந்தப் படை அங்கேயே தங்கும். ஒரு நாளைக்குப் 10, 12 மணித்தியாலம் வேலை செய்யும். மாதம் கையில் சொற்பக் காசு கொடுத்தால் போதும். எதிர்த்துப் பேசினால் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பலாம். சில வைத்தியசாலைகள் பயிலுநரைப் பணக்கார நோயாளரின் வீடுகளுக்கு அனுப்பி, அந்தக் கட்டணத்தையும் தாங்களே எடுத்தன. மூன்று வருடம் முடிந்து சான்றிதழ் வாங்கியவளை அதே வைத்தியசாலை வேலைக்கு வைப்பது அரிது. முழுச் சம்பளம் கொடுக்க வேண்டுமே! அவள் வெளியே போய்த் தனியார் வீடுகளில் வேலை தேடுவாள். அவளுடைய கட்டிலுக்குப் புதிய முதலாம் வருடப் பிள்ளை வருவாள்.

இந்த ஏற்பாட்டைச் சட்டம் முதன்முதலாகத் தொட்ட இடங்களில் ஒன்று கலிபோர்னியா. பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணித்தியாலமாக மட்டுப்படுத்தும் சட்டம் அங்கே 1911இல் வந்தது. 1913இல் அது திருத்தப்பட்டு வைத்தியசாலைகளுக்கும் விரிந்தது. அதில் ஒரு விசித்திரம்: பயிற்சி முடித்த தாதியருக்கு அந்த எல்லை பொருந்தாது, பயிற்சியில் இருக்கும் மாணவிகளுக்குப் பொருந்தும். ஒரு வைத்தியசாலைத் தரப்பு வழக்குப் போட்டது. 1915இல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. செலவு கூடும் என்பதும் அவர்களின் வாதங்களில் ஒன்று. இதில் கவனிக்க ஒன்று இருக்குது. மாணவி 8 மணித்தியாலத்தோடு போனால் வைத்தியசாலைக்குச் செலவு கூடுமெண்டால், மிச்ச மணித்தியாலங்களில் அவள் செய்துகொண்டிருந்தது படிப்பா, வேலையா? நீதிமன்றம் சட்டத்தின் பக்கம் நின்றது. கடும் ஒழுக்கத்தின்கீழ் பயிற்சி பெறும் மாணவிகளைக் களைப்பிலிருந்து காப்பாற்ற வேண்டிய தேவையைச் சட்டமன்றம் கணக்கில் எடுத்திருக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது.

வேடிக்கை என்னவெண்டால் தாதியர் தலைவிகளில் பலருக்கே இந்தச் சட்டம் பிடிக்கவில்லை. தங்களைத் தொழிற்சாலைப் பெண்களோடு ஒரே வரிசையில் வைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். தொழில்முறை மதிப்பு வேண்டுமென்று போராடியவர்கள், தொழிலாளர் சட்டத்தின் நிழலுக்குள் வர வெட்கப்பட்டார்கள். இந்த வெட்கம் இன்னும் முழுசாப் போகவில்லை. எங்கட ஊரிலும் "தாதியம் புனிதமான சேவை" எண்டு மேடையில் சொல்லுகிற அதே வாய், தாதியர் வேலைநிறுத்தம் செய்தால் "இவைக்கு என்ன குறை" எண்டு கேட்கும்.

1923இல் ஜோசபின் கோல்ட்மார்க் தயாரித்த பெரிய ஆய்வறிக்கை வெளிவந்தது. படிப்பின் தேவையும் வைத்தியசாலையின் தேவையும் மோதும்போது ஒவ்வொரு தடவையும் படிப்புத்தான் தோற்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அறிக்கைகளால் மட்டும் ஒரு லாபமான ஏற்பாடு உடைவதில்லை. இரண்டாம் உலகப் போர் வந்தபோது அரசே அதைப் பயன்படுத்தியது. 1943இல் உருவான கடெற் தாதியர் படையில் சேர்ந்த பெண்களுக்குப் படிப்புச் செலவு, சாம்பல் நிறச் சீருடை, மாதம் 15 டொலரில் தொடங்கும் கைக்காசு எல்லாம் கிடைத்தன. அனுபவமுள்ள தாதியர் போர்முனைக்குப் போக, நாட்டுக்குள் வைத்தியசாலைகளை ஓட்டியது பெரும்பாலும் இந்த மாணவிகள்தான். ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்தத் திட்டத்தில் படித்து முடித்தார்கள். போருக்குப் பிறகு, முன்னாள் படையினருக்கான சலுகைகள் அவர்களுக்கு இல்லை. போர் நேரத்தில் படை, போர் முடிந்ததும் மாணவியர்.

இதே வழக்கு டொக்டர்மாரையும் விட்டுவைக்கவில்லை. வைத்தியசாலையில் மேற்பயிற்சி பெறும் இளம் வைத்தியர்கள் முதன்மையாக மாணவர்கள், ஆகவே தொழிலாளர் உறவுச் சட்டத்தின்கீழ் சங்கம் அமைத்துப் பேரம் பேசும் உரிமை இல்லை என்று அமெரிக்கத் தொழிலாளர் உறவுச் சபை 1976இல் சொன்னது. 1999இல் அதே சபை தன் முடிவை மாற்றி, அவர்கள் படிப்பவர்களாக இருந்தாலும் ஊழியர்களும்தான் என்றது. 2011இல் இன்னொரு வழக்கில், முழுநேரம் வேலை செய்யும் பயிற்சி வைத்தியர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வரி எடுக்கும்போது ஊழியர் என்று அரசு சொன்னது. பேரம் பேச வந்தபோது மாணவர் என்று வைத்தியசாலைகள் சொல்லியிருந்தன.

சம்பளம் போன கதை

திரும்பவும் பிரித்தானியாவுக்கு வருவோம். நைற்றிங்கேலின் மாதிரி அங்கே நூறு வருடத்துக்கு மேல் நீடித்தது. 1948இல் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது பயிலுநர் தாதியர் வைத்தியசாலையின் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள், கடமை நேர அட்டவணையிலும் இருந்தார்கள். அதுக்கு முதல் வருடமே அரசு நியமித்த குழு ஒன்று, பயிலுநரை உண்மையான மாணவராக நடத்துங்கள், துடைக்கிற கழுவுகிற வேலையிலிருந்து விடுவியுங்கள் என்று பரிந்துரைத்திருந்தது. நடக்கவில்லை. ஆள் பற்றாக்குறைக்கு அயர்லாந்திலிருந்தும் கரிபியத் தீவுகளிலிருந்தும் மற்றக் குடியேற்ற நாடுகளிலிருந்தும் இளம் பெண்களைப் பயிலுநராக வரவழைத்தார்கள். வந்தவர்களில் பலரை மூன்று வருடப் பதிவுத் தாதி பயிற்சிக்குப் பதிலாக இரண்டு வருடத் துணைநிலைப் பயிற்சியில் போட்டார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பலருக்கு வந்தபிறகுதான் விளங்கியது. அந்தத் துணைநிலைச் சான்றிதழோடு சொந்த ஊர் திரும்பினால் பல இடங்களில் அதுக்கு மதிப்பில்லை. வெளிநாடு போக நினைக்கிற எங்கட ஆக்கள் இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

மாற்றம் 1980களின் கடைசியில் வந்தது. "புரொஜெக்ற் 2000" என்ற திட்டம் 1986இல் முன்வைக்கப்பட்டு 1989இலிருந்து நடைமுறைக்கு வந்தது. பயிலுநர் இனி கல்லூரி மாணவர். வாட்டில் நிற்கும்போதும் பெரும்பகுதி நேரம் ஆள் கணக்கில் சேர்க்கப்பட மாட்டார், கூடுதல் ஆளாகத்தான் நிற்பார். நூறு வருடமாகக் கேட்டது கிடைத்தது. ஆனால் ஊழியர் என்ற பெயரோடு சம்பளமும் போனது, அந்த இடத்தில் உதவித்தொகை வந்தது.

உதவித்தொகையை வெட்டுவது சம்பளத்தை வெட்டுவதை விட லேசு. அதுக்குக் கூட்டு ஒப்பந்தம் இல்லை. 2015 நவம்பரில் நிதியமைச்சர் ஜோர்ஜ் ஒஸ்போர்ன் அதை நிறுத்தப் போவதாக அறிவித்தார். 2017இலிருந்து இங்கிலாந்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வருடம் 9,250 பவுண் வரை கல்விக் கட்டணத்தைக் கடனாக எடுத்துப் படிக்க வேண்டி வந்தது. ஸ்கொட்லாந்தும் வேல்ஸும் உதவித்தொகையை விடவில்லை. இங்கிலாந்தில் அந்த வருடம் தாதியப் படிப்புக்கான விண்ணப்பதாரர் தொகை ஏறத்தாழ 23 வீதம் விழுந்தது. இந்தப் படிப்பில் அப்போது 2,300 மணித்தியாலம் நடைமுறைப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. அதில் இரவுக் கடமையும் வார இறுதியும் அடக்கம். ஆக, ஒருத்தி கட்டணம் கட்டி இரவுக் கடமை செய்கிற நிலை.

2020இல் கொரோனா வந்தது. கடைசி வருட மாணவர்களைச் சம்பளத்தோடு வாட்டுகளுக்கு அழைத்தார்கள், ஆயிரக்கணக்கில் போனார்கள். அதே வருடம் பிரித்தானிய அமைச்சர் ஹெலன் வேட்லி எழுதிய கடிதமொன்று வெளியே வந்தது. பயிற்சியில் உள்ள மாணவத் தாதியர் கூடுதல் ஆட்கள்தான், அவர்கள் சேவை வழங்குவதாகக் கருதப்படுவதில்லை என்பது அதன் சாரம். நாடே கொதித்தது. சட்டப்படி பார்த்தால் அவர் சொன்னது 1989இலிருந்து எழுத்தில் இருந்த நிலைதான். மாணவர்களைச் சுரண்டலிலிருந்து காப்பாற்ற எழுதிய "கூடுதல் ஆள்" என்ற சொல்லே, அவர்களின் உழைப்பை இல்லையென்று சொல்லவும் உதவியது.

இதற்கிடையில் இங்கிலாந்தில் இன்னொரு வாசலும் திறந்தது. 2017இலிருந்து பட்டப்படிப்புப் பயிலுநர் முறை. இதில் சேர்பவர் வைத்தியசாலையின் ஊழியர், சம்பளம் வாங்கிக்கொண்டே பட்டம் எடுக்கலாம், கட்டணக் கடன் இல்லை. ஒரே வாட்டில் ஒரே வேலையைப் பழகும் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருத்தி சம்பளம் வாங்குகிறாள், மற்றவள் கடன் கட்டப் போகிறாள்.

ஜேர்மனியில் எழுதி வைத்தது

கைசர்ஸ்வேர்த்தின் நாட்டில் இந்த வழக்குக்கு வேறொரு பதில் உருவானது. அங்கே தாதியம் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல் தொழிற்பயிற்சியாகவே நீண்டகாலம் இருந்தது. 2017இல் நிறைவேறி 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தாதியத் தொழில் சட்டம், மூன்று வருடப் பயிற்சியை இப்படி வரையறுக்கிறது: குறைந்தது 2,100 மணித்தியாலம் பாடம், 2,500 மணித்தியாலம் நடைமுறை. பயிற்சி கொடுக்கும் நிறுவனத்தோடு எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். பொருத்தமான மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். பாடசாலைக் கட்டணம் வாங்கக் கூடாது. பயிற்சியின் நோக்கத்துக்கும் பயிலுநரின் நிலைக்கும் பொருந்தாத வேலையைக் கொடுக்கக் கூடாது. நடைமுறை நேரத்தில் குறைந்தது 10 வீதம், தகுதிபெற்ற ஒருவர் பக்கத்தில் நின்று முறையாகப் பழக்க வேண்டும். பொதுத்துறைக் கூட்டு ஒப்பந்தத்தின்கீழ் 2024இல் முதலாம் வருடச் சம்பளம், பிடித்தங்களுக்கு முன், மாதம் 1,300 யூரோவைத் தாண்டியது. முதல் மாதத்திலிருந்தே ஓய்வூதியக் காப்புறுதிக்கும் காசு போகிறது.

பிணை பற்றியும் சட்டம் பேசுகிறது. பயிற்சி முடிந்தபிறகு எங்கே வேலை செய்யலாம் என்று பயிலுநரைக் கட்டுப்படுத்தும் உடன்பாடு, பயிற்சியின் கடைசி மாதங்களில் அவர் தானாகச் செய்துகொண்டாலொழிய, செல்லாது. பயிற்சிக்காக அவர் காசு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் தண்டப்பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் செல்லாது. தகுதிகாண் காலத்துக்குப் பிறகு விலக விரும்பினால் நான்கு வார முன்னறிவித்தல் போதும். 1860இல் சென் தோமஸில் கையெழுத்து வைத்த பெண்ணுக்கு இது ஒன்றுகூட இருக்கவில்லை.

அதுக்காக ஜேர்மனியைத் தலையில் தூக்கி வைக்கவும் தேவையில்லை. அதே 2020 சட்டம் தாதியத்தைப் பட்டப்படிப்பாகப் படிப்பவர்களுக்குச் சம்பளம் வைக்கவில்லை. மாணவர் என்ற சொல் அங்கேயும் தன் வேலையைக் காட்டியது. அவர்களுக்கு முழுப் படிப்புக் காலத்துக்கும் கொடுப்பனவு 2024இலிருந்துதான் சட்டமானது. உடலியக்க மருத்துவம் படிப்பவர்கள் பலர் நீண்டகாலம் தனியார் பாடசாலைகளுக்குக் கட்டணம் கட்டி, வைத்தியசாலையில் சம்பளமில்லாமல் வேலை பழகினார்கள். பல்கலைக்கழக, நகரசபை வைத்தியசாலைகளில் அவர்களுக்கான கூட்டு ஒப்பந்தச் சம்பளம் 2019இல்தான் தொடங்கியது. அதுவும் தொழிற்சங்கம் கேட்டு வாங்கியது.

நாங்கள் கேட்க வேண்டியவை

இந்த வரலாற்றில் நாங்கள் திரும்பத் திரும்பக் கண்டது ஒன்று. பெயரைத் தெரிவு செய்தவர் எப்பவும் காசு கொடுக்க வேண்டியவர்தான். மாணவி என்ற பெயர் மலிவாக இருந்தபோது அவள் மாணவி, ஊழியர் என்ற பெயர் தேவைப்பட்டபோது அவள் ஊழியர். பயிற்சி பெறுபவர் உண்மையில் இரண்டும்தான். வேலைக்குக் கூலியும், படிப்புக்கு உறுதியும், இரண்டும் சட்டத்தில் எழுதப்பட்ட இடத்தில்தான் கொஞ்சமாவது நியாயம் கிடைத்திருக்குது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முதல் சில கேள்விகளைக் கேளுங்கோ. ஒப்பந்தம் யாரோடு, வைத்தியசாலையோடா அல்லது இடையில் நிற்கிற முகவரோடா? எந்தச் சான்றிதழ் கிடைக்கும், முழுத் தாதியா உதவியாளரா? ஜேர்மனியிலும் ஒரு வருட உதவியாளர் பயிற்சி உண்டு. அதுவும் ஒரு தொழில்தான், ஆனால் அது மூன்று வருடப் பயிற்சி இல்லை. வகுப்பு நேரம் வேலை நேரமாகக் கணக்கிடப்படுமா? இடையில் விட்டால் யாருக்கு என்ன கட்ட வேண்டும்? வைத்தியசாலையோடு செய்த ஒப்பந்தத்தில் இல்லாத தண்டப்பணம் முகவரின் தாளில் ஒளிந்திருக்கலாம்.

போகாமல் இங்கேயே இருக்கிறவைக்கும் இந்தக் கேள்விகள் உண்டு. எங்கட நாட்டில் அரச தாதியர் பயிற்சிக் கல்லூரிகளில் சேருபவர்களுக்கு மாதாந்தக் கொடுப்பனவு கிடைக்குது. தனியார் வைத்தியசாலைகள் நடத்துகிற பயிற்சிகளில் பிணையோடு சேருகிற பிள்ளைகளும் இருக்கினம். மருந்துக்கடையிலும் ஆய்வுகூடத்திலும் "பழகுறதுக்கு" எண்டு சொல்லி மாதக்கணக்கில் சும்மா நிற்கிற பிள்ளைகளை நாங்கள் எல்லாரும் கண்டிருக்கிறோம். அவர்களிடம் கேட்டால் "படிக்கிறன் தானே" எண்டு சொல்லுவினம். அப்பிடிச் சொல்லுகிற ஆள் உங்களுக்குத் தெரிஞ்சவர் எண்டால், ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஒருவர் பக்கத்தில் நின்று பழக்கினார், எத்தனை மணித்தியாலம் அவர் தனியாக நின்று வேலையைப் பார்த்தார் எண்டு ஒரு கிழமைக்குக் கொப்பியில் குறித்துப் பார்க்கச் சொல்லுங்கோ.